தம்பியின் பையில் கத்தி: ஓர் அக்காவின் கேள்விக்குப் பதில்

கேள்வி: எனக்கு 23 வயது. தையல் ஆலையில் ஷிப்ட் வேலை. அப்பா சுமை தூக்குகிறார், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். தம்பிக்கு 15 வயது. கணக்கில் எப்போதும் முதல். அதனால் போன வருடம் உதவித்தொகையோடு ஒரு பெரிய பள்ளியில் இடம் கிடைத்தது. ‘இவன்தான் நம்மைக் கரையேற்றுவான்’ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆறேழு மாதமாக ஆளே மாறிவிட்டான். ராத்திரி பதினொன்றுக்கு முன்னால் வருவதில்லை. புது ஷூ, இரண்டாவது போன். அம்மா கையில் அவ்வப்போது பணம் கொடுக்கிறான். கேட்டால் ‘அண்ணன் கொடுத்தார்’ என்கிறான். அந்த அண்ணன் ஒரு கும்பலின் ஆள் என்று தெருவுக்கே தெரியும். பள்ளிக்குச் சரியாக வருவதில்லை என்று தகவல் வந்த அன்று அப்பா பெல்ட்டால் அடித்து வெளியே தள்ளிவிட்டார். அன்றிரவு அந்த அண்ணன் இடத்தில்தான் படுத்திருந்தான். போன வாரம் அவன் பையில் துணியில் சுற்றிய கத்தியைப் பார்த்தேன். பார்த்தது அவனுக்குத் தெரியாது, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மாமா ஊருக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் அம்மா. போலீசில் சொல்லி மிரட்டி வைக்கலாம் என்கிறார் அப்பா. போனைப் பிடுங்குவதா, பள்ளியில் சொல்வதா? என்னிடம் மட்டும்தான் இன்னமும் கொஞ்சம் பேசுகிறான்.

பதில்:

முதலில் கத்தியைப் பார்ப்போம். மற்ற எதற்கும் சில வாரங்கள் அவகாசம் உண்டு. இதற்கு இல்லை.

பதினைந்து வயதுப் பையன் கத்தி வைத்திருந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒரு காரணம் இருக்கும். யாருக்கோ பயந்து தனக்காக வைத்திருப்பான். அல்லது வேறொருவன் ‘இதைக் கொஞ்சம் வச்சுக்கோ’ என்று கொடுத்திருப்பான். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. அதனால் சொல்லாமல் எடுத்து எறிந்துவிடாதீர்கள். தனக்காக வைத்திருந்தால் நாளையே இன்னொன்று வாங்குவான். பிறருடையதாக இருந்தால், தொலைத்ததற்கு அவன் தலையில் ஒரு கடன் ஏறும். அந்தக் கடன்தான் இந்த உலகத்தில் பிள்ளைகளைக் கட்டிப்போடும் கயிறு. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இன்றோ நாளையோ, நீங்கள் இருவர் மட்டும் இருக்கும் நேரத்தில் நேராகவே சொல்லுங்கள்: “உன் பையில பார்த்தேன். திட்ட வரல. அது உன்னோடதா, யாராவது வச்சுக்கச் சொன்னாங்களா?” தன்னுடையது என்றால் அடுத்த கேள்வி: “யாருக்குப் பயந்து? எந்த இடத்துல, எத்தனை மணிக்கு?” பயத்துக்கு எப்போதும் ஒரு குறிப்பிட்ட ஆளும் இடமும் நேரமும் இருக்கும். அது தெரிந்தால் வழியை மாற்றலாம், பள்ளியிலிருந்து கிளம்பும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்பின் ஆக்கலாம், ஒருவர் கூடப் போகலாம். கத்தி செய்யும் என்று அவன் நம்புகிற வேலையை இவை பெரும்பாலும் செய்துவிடும். பிறருடையது என்றால், அவனை ஒரு பெட்டகமாகப் பயன்படுத்துகிறார்கள். பள்ளிச் சீருடையில் இருப்பவனை யாரும் சோதனை போடுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

கத்தியில் கறை இருந்தாலோ, அது எங்காவது பயன்பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலோ கழுவாதீர்கள், ஒளிக்காதீர்கள், எறியாதீர்கள். சாட்சியத்தை அழித்ததாக உங்கள் மேலேயே வழக்கு வரலாம். அன்றைக்கே ஒரு வழக்கறிஞரையோ இலவச சட்ட உதவி மையத்தையோ பாருங்கள். இருப்பது துப்பாக்கியாக இருந்தால் தொடவே வேண்டாம். வீட்டில் இருப்பவர்களை அந்த அறையைவிட்டு வெளியே கூட்டிவந்துவிட்டுக் காவல்துறையை அழையுங்கள்.

இன்னொன்றையும் அவனிடம் சொல்லியாக வேண்டும். ‘தொடையில குத்தினா ஒண்ணும் ஆகாது, சும்மா எச்சரிக்கைதான்’ என்ற நம்பிக்கை இந்த வயதுப் பையன்களிடம் பரவலாக இருக்கிறது. தொடையின் உட்புறத்தில் காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி ஓடுகிறது. அது அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும், ஆம்புலன்ஸ் வருவதற்குள்ளேயே. எச்சரிக்கையாக மட்டும் குத்துவதற்கென்று உடம்பில் ஓர் இடம் கிடையாது. யாருக்காவது குத்து விழுந்தால், கத்தி உள்ளே இருந்தால் பிடுங்கக் கூடாது. துணியை வைத்து, உடல் எடை முழுவதையும் கொடுத்துக் காயத்தை அழுத்திக்கொண்டே உதவிக்கு அழைக்க வேண்டும். இதை அவனுக்குச் செய்து காட்டுங்கள். குத்தியவன் ஒருவனாக இருந்தாலும், கூட நின்றவன், பையைப் பிடித்தவன், தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டவன் எல்லோரையும் குற்றவாளியாகச் சேர்க்கப் பல நாடுகளின் சட்டத்தில் இடம் இருக்கிறது. ‘நான் சும்மா நின்னேன்’ என்பது நீதிமன்றத்தில் எடுபடாமல் போகலாம் என்பது அவன் வயதில் யாருக்கும் தெரிவதில்லை.

‘நன்றாகப் படிக்கிற பிள்ளை எப்படி இதில் போனான்’ என்ற வேதனை உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அவன் நன்றாகப் படிப்பதே அவர்கள் அவனை விரும்பக் காரணங்களில் ஒன்று. காவல்துறை ஏட்டில் பெயர் இல்லாதவன், கணக்கு மனதிலேயே போடுபவன், பொருளையும் பணத்தையும் சரியாக ஒப்படைப்பவன், மாட்டினாலும் சிறுவன் என்பதால் தண்டனை குறைவு. ஒரு கும்பலின் பெரியவர்களுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்க மாட்டான்.

அவன் பக்கத்திலிருந்தும் பாருங்கள். தெருவில் எல்லோரையும்விடப் படிப்பவன் என்ற பெயரோடு ஒரு பெரிய பள்ளிக்குப் போகிறான். அங்கே எல்லோரும் அவனைப் போலவே படிப்பவர்கள். கூடவே ட்யூஷன், நல்ல போன், விடுமுறையில் போய்வந்த இடங்களைப் பற்றிய பேச்சு. ஒரே பருவத்தில் முதலாமவன் நடுவில் போய் நிற்கிறான். வீட்டுக்கு வந்தால் ‘நீதான் கரையேத்தணும்’. கணக்கில் மதிப்பெண் குறைந்ததை அவனால் அங்கும் சொல்ல முடியாது, இங்கும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் தெருவில் ஒருவர் தோளில் கை போட்டு ‘நீ மூளைக்காரன்டா, நம்ம பையன்’ என்றிருப்பார். ஷூவும் போனும் அதற்குப் பிறகு வந்தவை. அவனுடைய பழைய கணக்கு விடைத்தாள்களைத் தேடிப் பாருங்கள். இரவு வெளியே தங்க ஆரம்பிப்பதற்கு முன்பே மதிப்பெண் சரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் எங்கே தொடங்குவது என்பது தெரிந்துவிடும்.

கும்பல் ஒரு பையனுக்குத் தருவது பொதுவாக நான்கு: பணம், பாதுகாப்பு, மரியாதை, ஒரு வீடு. உங்கள் தம்பிக்கு இவற்றில் எது முக்கியம் என்று கண்டுபிடித்து, அதையே வேறு வழியில் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘அவங்களோட சேராதே’ என்று மட்டும் சொன்னால், கையில் இருக்கும் ஒரே பற்றுக்கோலைக் கீழே போடச் சொல்வதாகத்தான் அவன் காதில் விழும். அவர்கள் கொடுக்கும் பணத்தை அவனே செலவழிக்கிறானா, அம்மாவிடம் தருகிறானா? தருகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, பணத்தோடு மரியாதையும் சேர்ந்திருக்கிறது: வீட்டுக்குச் சோறு போடும் ஆண் ஆகிவிட்டேன் என்ற நிறைவு. அடிபட்ட இரவில் அங்கே போய்ப் படுத்திருக்கிறான். ஆக, வீடும் சேர்ந்திருக்கிறது. கத்தி பயத்தால் வந்தது என்றால் பாதுகாப்பும் சேர்கிறது.

பாதுகாப்பைப் பற்றி ஆய்வுகள் சொல்வது தெளிவாக இருக்கிறது. பாதுகாப்புக்கென்று கும்பலில் சேர்ந்த பிள்ளைகள், சேராத பிள்ளைகளைவிட அதிகமாக அடியும் குத்தும் வாங்குகிறார்கள். தன் பகையோடு கும்பலின் பகை முழுவதும் அவர்கள் தலையில் விழுகிறது. நண்பர்கள் பக்கத்தில் இருப்பதே ஆபத்தைக் கூட்டுகிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 13 முதல் 16 வயதுள்ளவர்களைக் கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டு ஆட வைத்தார்கள். தனியாக ஆடியபோது எடுத்த ஆபத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கை நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. உங்களிடம் தனியாகப் பேசும்போது ஒழுங்காக யோசிக்கும் தம்பி, நான்கு பேரோடு இருக்கும்போது வேறு ஆளாக நடந்துகொள்வதில் பொய் இல்லை. இரண்டும் அவன்தான். அதனால் ‘என்கிட்ட சத்தியம் பண்ணிட்டு அங்க போய் அதையே செய்றியே’ என்று குத்திக்காட்டுவதில் பயனில்லை. அவர்களோடு இருக்கும் மணிநேரங்களைக் குறைப்பதுதான் வேலை.

உங்களுக்கு நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் டென்வர், ராசெஸ்டர், சியாட்டில் ஆகிய நகரங்களில் ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். கும்பலில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய ஓராண்டுக்குள் வெளியே வந்துவிட்டார்கள். உள்ளே இருந்த காலத்தில் குற்றம் ஏறியது, வெளியே வந்ததும் இறங்கியது. உங்கள் குறிக்கோளை இப்படிச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஓராண்டில் அவன் உயிரோடு இருக்க வேண்டும், பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், வழக்கில் மாட்டாமல் இருக்க வேண்டும்.

பேசும் முறை பற்றி. இரவு பதினொன்றுக்கு அவன் வந்து நிற்கும்போது பேசாதீர்கள். அப்போது சாப்பிடச் சொல்லுங்கள், தூங்கச் சொல்லுங்கள், அது போதும். எதிரெதிரே உட்கார்ந்தும் பேசாதீர்கள். கூட நடக்கும்போது, வண்டியில் போகும்போது, ஏதாவது வேலையைச் சேர்ந்து செய்யும்போது பேசினால் கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்காது, வாய் திறக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். முதல் கேள்வி ஏன் போகிறாய் என்பதாக இருக்கக் கூடாது. “அங்க இருக்கும்போது உனக்கு என்ன நல்லா இருக்கு?” என்று கேளுங்கள். அவன் சொல்வதை மறுக்காதீர்கள். ‘சரி, அப்புறம்?’ என்று மட்டும் சொல்லுங்கள். இன்னொரு நாள்: “அங்க உனக்குப் பிடிக்காதது என்ன?” மூன்றாவது நாள்: “விட்டுட்டா என்ன ஆகும்னு நினைக்கிற?” இந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் அவன் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறான் என்பது தெரியும். ‘ஒண்ணும் ஆகாது, போரடிக்கும்’ என்றால் இன்னும் கரையோரத்தில்தான் நிற்கிறான். பேச்சை மாற்றினாலோ, முகம் இறுகினாலோ கடனோ மிரட்டலோ இருக்கிறது. அடுத்த கேள்வி: “யாருக்காவது பணம் தரணுமா?”

அந்த அண்ணனைத் திட்டாதீர்கள். திட்டினால் அவருக்காக வாதாட வேண்டிய நிலைக்குத் தம்பியைத் தள்ளிவிடுவீர்கள். வாதாடி வாதாடியே அவனுடைய நம்பிக்கை கெட்டிப்படும்.

போனைப் பிடுங்குவதால் வரும் நன்மை இரண்டு நாளைக்குத்தான். இரண்டாவது போன் யார் கொடுத்தது என்பதை யோசித்துப் பாருங்கள், மூன்றாவதும் வரும். உங்களிடம் சொல்லும் வழக்கமும் நின்றுவிடும். சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி வேவு பார்த்து வந்ததல்ல, பிள்ளைகள் தாமாகச் சொன்னது என்று காட்டியது. உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து அவன் இன்னமும் உங்களிடம் பேசுவதுதான். போனைப் பற்றி ஒரே ஒரு விதி கேளுங்கள்: ஆயுதம், பணக்கட்டு, கை முத்திரை, எதிர்க்கோஷ்டியைச் சீண்டும் வரி எதையும் பதிவிடக் கூடாது, பிறர் போடுவதில் முகம் காட்டக் கூடாது. பழிவாங்கல் பல இடங்களில் ஒரு காணொளிக்குப் பதிலாகத்தான் தொடங்குகிறது. போலீசும் அதையே சாட்சியமாக எடுத்துக்கொள்கிறது.

அப்பாவுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். அவர் அடித்தது பயத்தினால்தான் என்பது உங்களுக்குப் புரியும், தம்பிக்குப் புரியாது. நீண்ட மன்னிப்பும் அறிவுரையும் வேண்டாம். “எத்தனை மணியானாலும் இந்தக் கதவு திறக்கும். வந்து படு. காலையில பேசிக்கலாம்” என்று அப்பா வாயால் ஒரு முறை சொல்லிவிட வேண்டும், பிறகு அதன்படியே நடக்க வேண்டும். வீட்டு வாசலில் விரட்டப்பட்ட பையனுக்கு இரவு இரண்டு மணிக்கு இடம் கொடுப்பவர்கள் யார் என்று பார்த்துவிட்டீர்கள். அந்த இடத்துக்கு வாடகையை அவன் வேறு விதமாகச் செலுத்த வேண்டியிருக்கும்.

அம்மாவிடம் பேசுவது இதைவிடக் கடினம். அவன் தரும் பணத்தை வாங்குவதை நிறுத்த வேண்டும். கையில் காசில்லாத வீட்டில் இதைச் சொல்வது லேசல்ல என்று தெரிந்தே சொல்கிறேன். முகத்தில் எறிவதுபோலச் செய்யக் கூடாது: “இது வேண்டாம்டா. நீ இருந்தா போதும், நாங்க பார்த்துக்குறோம்.” அதன் பிறகு ஒரு நாள் வீட்டின் வரவு, வாடகை, கடன், செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவனோடு உட்காருங்கள். கணக்குத் தெரிந்த பையன். வீடு மூழ்கிக்கொண்டிருக்கிறது, நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவன் மனதில் போட்டிருக்கும் கணக்கு உண்மையைவிட மோசமாக இருக்கலாம். சரியான எண்ணைப் பார்த்தால் பாரம் குறையும். அந்தத் தாளைப் பராமரிக்கும் பொறுப்பையும் அவனிடமே கொடுங்கள். வீட்டில் அவனுக்கு மரியாதையான இடம் அப்படித்தான் உருவாகும். சம்பாதிக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அவன் வயதுக்குச் சட்டம் அனுமதிக்கும் இலகுவான வேலை என்ன என்று விசாரித்து, வார இறுதியில் சில மணிநேரம் மட்டும். அவனைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது இருப்பதிலேயே பொருத்தமானது: பணமும் வரும், ‘சார்’ என்று கூப்பிடவும் ஆள் இருக்கும்.

பள்ளியில் சொல்லுங்கள், ஆனால் என்ன கேட்கப் போகிறோம் என்று முடிவுசெய்துகொண்டு போங்கள். ‘பையன் கெட்டுப்போய்ட்டான், நீங்கதான் பார்க்கணும்’ என்று அழுதால் அவர்கள் எழுதிவைப்பது கெட்ட பெயரை. பள்ளியைவிட்டு நீக்குவதைப் போலக் கும்பலுக்கு உதவும் செயல் வேறில்லை. பகல் முழுவதும் அவனை அவர்களிடம் ஒப்படைப்பதற்குச் சமம். அதனால் முதலில் தலைமையாசிரியரைத் தவிர்த்து, அவனுக்குப் பிடித்த ஓர் ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். கேட்க வேண்டியவை நான்கு. அவன் வராத நாளில் அன்று காலையிலேயே உங்கள் போனுக்கு ஒரு செய்தி. நீக்கம் பற்றிய பேச்சு வந்தால் முடிவெடுக்கும் முன் உங்களுக்குத் தகவல். மாலை பள்ளி விட்டதும் உள்ளேயே தங்க ஏதாவது ஒரு காரணம்: விளையாட்டு, ஆய்வகம், நூலகம், எதுவானாலும் சரி. பள்ளி விட்டதிலிருந்து பெரியவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் வரையான நேரம்தான் இந்த வயதினருக்கு ஆபத்தான நேரம். நான்காவதாக, விட்டுப்போன பாடங்களின் பட்டியல்.

இந்த நான்காவதைப் பலரும் சிறிதாக நினைக்கிறார்கள். கணக்கில் இரண்டு மாதம் விட்டால் மூன்றாவது மாதப் பாடம் புரியாது. முதலிடத்தில் இருந்தவன் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பதைவிட வகுப்புக்கே போகாமல் இருப்பது கௌரவமாகத் தோன்றும். வருகைக் குறைவில் பாதி இந்த வெட்கம்தான். பட்டியலை வாங்கிக் கணக்கை மட்டும் முதலில் எடுங்கள். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். இரண்டு மாத இடைவெளியை ஆறேழு வாரத்தில் அடைத்துவிடலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் பத்தாம் நாள் கைவிட்டுவிடுவான்.

இனி கடன். கும்பல் பையனைப் பிடித்துவைக்கும் வழி அன்பளிப்பில் தொடங்கிக் கடனில் முடிகிறது. ஷூவும் போனும் முதலில் ‘அண்ணன் கொடுத்தது’. பின்னால் ஒரு நாள் ‘இவ்வளவு செலவு செஞ்சிருக்கேன்’ என்று கணக்காக மாறும். பிரிட்டனில் போதைப்பொருள் கடத்தச் சிறுவர்களைப் பயன்படுத்தும் கும்பல்களிடம் ஒரு தந்திரம் பலமுறை பதிவாகியிருக்கிறது. பையனிடம் பொருளைக் கொடுத்தனுப்பி, தங்கள் ஆட்களை விட்டே வழியில் பறித்துக்கொள்வார்கள். பிறகு ‘தொலைச்சிட்ட, உழைச்சுக் கட்டு’ என்பார்கள். தம்பி ஏதாவது தொலைந்தது, பறிபோனது என்று சொன்னால் இதை அவனுக்கு விளக்குங்கள். தன்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று புரியும் அந்த நிமிடத்தில்தான் பல பையன்களுக்கு மனம் திரும்புகிறது. கடன் எவ்வளவு, யாருக்கு, எப்படி வந்தது என்று முழுவதும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். வீட்டில் பணம் புரளும் என்று தெரிந்தால் தொகை ஏறும். அப்பாவோ மாமாவோ தனியாகப் பேச்சுவார்த்தைக்குப் போவதும் வேண்டாம். மிரட்டல் செய்தி வந்தால் எண்ணும் தேதியும் தெரியும்படி படமெடுத்து உங்கள் போனில் வையுங்கள். வழக்கறிஞரிடமோ குழந்தைகள் நல அதிகாரியிடமோ போகும்போது அதுதான் கையில் இருக்க வேண்டிய ஆதாரம்.

அங்கே நீங்கள் பேசும்போது ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள். போதைப்பொருள் கடத்தல் போன்ற சட்டவிரோத வேலைகளில் 18 வயதுக்கு உட்பட்டவரைப் பயன்படுத்துவது குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களில் ஒன்று என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் ஒப்பந்தம். 1999இல் வந்தது. 2020இல், அந்த அமைப்பின் உறுப்பு நாடுகள் அத்தனையும் ஏற்ற முதல் ஒப்பந்தம் ஆனது. பொருள் சுமக்க வைத்திருக்கிறார்கள் என்றால் உங்கள் தம்பி சுரண்டப்பட்ட குழந்தை. ‘என் தம்பி தப்பு செய்றான்’ என்று தொடங்காமல் ‘பெரியவர்கள் என் தம்பியைப் பயன்படுத்துகிறார்கள்’ என்று தொடங்கினால், கேட்பவர் கையில் எடுக்கும் படிவமே வேறாக இருக்கும்.

வெளியே வரும் வழி. ‘இரத்தம் சிந்தாமல் வெளியே வர முடியாது’ என்று கும்பலே பரப்பும் கதை உண்டு. விலகி வந்தவர்களிடம் கேட்ட ஆய்வுகளில் மெல்ல மெல்ல ஒதுங்கி, சண்டையில்லாமல் வந்தவர்களே அதிகம். கடனோ, ஒரு குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டதோ இருந்தால் ஆபத்து அதிகம், அப்போது தனியாக முயலக் கூடாது. மற்றபடி அறிவிப்பு ஏதும் இல்லாமல் தேய்ந்து மறைவதே நல்லது. ‘இனி நான் உங்களோட இல்ல’ என்று சொல்லவே வேண்டாம். போனில் அவர்கள் வைத்திருக்கும் குழுவிலிருந்து சட்டென்று வெளியேறவும் வேண்டாம், முதலில் செய்தி வரும் சத்தத்தை மட்டும் நிறுத்தட்டும். முதல் மாதம் இரவு நேரம் குறையட்டும். அடுத்து, எதையும் சுமப்பதில்லை, வைத்துக்கொள்வதில்லை. அதன் பிறகு பணம் வாங்குவதில்லை. மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அவர்கள் ஏற்றுக்கொள்ளும் சாக்குகள் சில உண்டு: பரீட்சை, வேலை, கால் சுளுக்கு, வீட்டில் தொல்லை. அந்தத் தொல்லையாக நீங்கள் இருங்கள். இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல்லையோ குறியையோ முடிவு செய்துகொள்ளுங்கள். அதை அவன் அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் நீங்கள் போன் போட்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி கத்துங்கள்: “அப்பாவுக்கு முடியல, உடனே வா.” முகம் கெடாமல் அவன் எழுந்து வர அது போதும். ஷிப்டில் இருக்கும்போது யார் அந்த அழைப்பைச் செய்வார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ‘இது ஒண்ணு மட்டும் செஞ்சு குடு, அப்புறம் உன் வழி’ என்ற கடைசி வேலை. அதற்குப் பிறகு அவர்கள் கையில் அவனைப் பற்றிய ஒரு ரகசியம் இருக்கும். நடுவில் ஒன்றிரண்டு முறை அவன் திரும்பிப் போவான். அப்போது ‘இவ்வளவு செஞ்சும்...’ என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த நாள், யார் கூப்பிட்டார்கள், அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த முறை எங்கே ஓட்டை விழும் என்று அதில் தெரியும்.

அம்மாவின் யோசனை, மாமா ஊர். இன்னும் சில நாளில் அடிதடி நடக்கப்போகிறது, அவன் பெயர் அதில் இருக்கிறது என்றால் இன்றே அனுப்புங்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு. நிரந்தரமாக என்றால் முதலில் அங்கே பள்ளியில் இடம், மாலையில் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர், குறைந்தது ஒரு கல்வியாண்டு தங்க ஏற்பாடு, இவை மூன்றும் தயாராக வேண்டும். மிக முக்கியமாக, அவனுடைய சம்மதம். தண்டனையாக அனுப்பிய பையன் பாயில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான், அங்கேயும் அதே மாதிரி ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிப்பான், இரண்டு மாதத்தில் படிப்பும் அறுந்து திரும்பி வருவான். கடன் பாக்கி இருக்கும்போது அனுப்பினால் அவர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள்.

அப்பாவின் யோசனையை விட்டுவிடுங்கள். சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டும் முறையை 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு சிறையில் பிரபலமாக்கினார்கள். அது போன்ற திட்டங்களைச் சோதித்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, ஒன்றும் செய்யாமல் விட்ட பிள்ளைகளைவிட மிரட்டப்பட்ட பிள்ளைகள் அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். ‘திருத்தும் முகாம்’ என்று தடம் மாறிய பையன்களை ஒரே இடத்தில் சேர்ப்பதிலும் இதே ஆபத்து உண்டு, ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறார்கள். அப்படி ஒன்றைப் பரிந்துரைத்தால், வீட்டுக்கே வந்து குடும்பம் முழுவதோடும் வேலை செய்யும் ஆலோசகர் உண்டா என்று கேளுங்கள். நல்ல பலன் காட்டிய முறைகளில் ஒன்றில், ஒரே ஆலோசகர் நான்கிலிருந்து ஆறு குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று முதல் ஐந்து மாதம் வரை வீட்டுக்கு வந்து பெற்றோரோடும் பள்ளியோடும் சேர்ந்து செயல்படுவார். அது கிடைக்காத இடத்தில் பள்ளி ஆலோசகரோ குழந்தைகள் உதவி எண்ணோ தொடக்கமாகட்டும்.

காவல்துறையிடம் எப்போது போவது? ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று குறிப்பாகத் தெரிந்தால் உடனே, தம்பி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மற்ற நேரங்களில் வழக்கறிஞரோடு. யாராவது அவனை உளவு சொல்லச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அது பதினைந்து வயதுப் பையன் தாங்கக்கூடிய ஆபத்து அல்ல. ஒரு வேளை பிடிபட்டால்: பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் நகல்களை இப்போதே ஓர் உறையில் போட்டு வையுங்கள், வயதை நிரூபிக்கும் வேலை முதல் மணிநேரத்தில் வரும். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் அமெரிக்கா தவிர ஐ.நா.வின் எல்லா உறுப்பு நாடுகளும் இணைந்திருக்கின்றன. அதன்படி சிறுவரைக் காவலில் வைப்பது கடைசி வழியாக, மிகக் குறைந்த காலத்துக்கு, பெரியவர்களிடமிருந்து பிரித்தே இருக்க வேண்டும். சட்ட உதவி பெறும் உரிமை உண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வரிகள் மூன்று: “எனக்கு 15 வயசு. எங்க வீட்டுக்குச் சொல்லுங்க. வக்கீல் வந்ததும் பேசுறேன்.” ஓடக் கூடாது, எதிர்க்கக் கூடாது, எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.

இந்த வாரத்தில் கத்தியைப் பற்றிய பேச்சு, கதவு பற்றி அப்பாவின் வார்த்தை, உங்கள் இருவருக்கும் ஒரு குறிச்சொல், இந்த மூன்றும் நடந்தால் போதும். பள்ளி அடுத்த வாரம். இடையில் அவன் வேறு சட்டையில் வீடு திரும்பினாலோ, வெளியே போகப் பயந்து ஜன்னலோரம் நின்றாலோ, தன் பொருள்களை யாருக்காவது கொடுக்க ஆரம்பித்தாலோ, ‘எனக்கு ஏதாவது ஆனா’ என்று ஒரு வார்த்தை பேசினாலோ, ஷிப்டைப் பார்க்காதீர்கள். அன்றைக்கே அவன் பக்கத்தில் இருங்கள், அன்றைக்கே உதவி எண்ணை அழையுங்கள்.